மறதியைத் தள்ளிப்போட வீட்டுச் சமையலை மாற்றுவது: எதை முதலில், எதைப் பிறகு

அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஞாபகம் தடுமாற ஆரம்பித்ததும் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது ஒரு புட்டி மாத்திரைதான். மீன் எண்ணெய், வல்லாரை கேப்சூல், பாதாம் கலந்த பால் மாவு என்று மாதாமாதம் வெள்ளி கரையும். அதே வீட்டில் நாளுக்கு நான்கு முறை கண்டன்ஸ்ட் பால் ஊற்றிய தேத்தண்ணி ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் யோசிக்க வேண்டியதை முதலில் வாங்கி, முதலில் மாற்ற வேண்டியதைத் தொடாமல் விடுவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

உணவால் எவ்வளவு முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, கீரை, பருப்பு, கடலை, மீன் போன்றவற்றை முன்னிறுத்தும் மைண்ட் உணவுமுறையைக் கடைப்பிடித்த முதியவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதாக 2015இல் ஆய்வு வந்தது. 2023இல் வெளியான சோதனையில் 604 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். மைண்ட் முறைப்படி சாப்பிட்டவர்களுக்கும், வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரு குழுவினருமே சற்று முன்னேறினார்கள். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை வைத்து நடந்த ஃபிங்கர் ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது.

ஆக, மூளைக்கென்று தனியாக ஓர் அதிசய உணவு கிடையாது. ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு), கெட்ட கொழுப்பு மூன்றும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. சமையலறையிலிருந்து நம் கைக்கு எட்டுவது இந்த மூன்றும்தான். கீழே உள்ள வரிசை அதை வைத்தே போடப்பட்டது.

1. அடுப்பைத் தொடுவதற்கு முன்: மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கேசிஹாத்தானில் கொடுத்த மருந்துகள், கடையில் வாங்கியவை, சொந்தக்காரர் கொடுத்தவை எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு, உணவை மாற்றப்போவதாக டாக்டரிடமோ மருந்தகரிடமோ சொல்லுங்கள். இந்த அடியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

இன்சுலின் போடுபவர், கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சோற்றையும் சீனியையும் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல், ஆளையே மறந்த மாதிரி ஒரு பார்வை. மறதிக்காகச் செய்த வேலை மூளையையே பட்டினி போட்டதாக முடியும். உணவைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் கீரை தடை இல்லை, அளவுதான் முக்கியம். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்று மறுவாரம் நிறுத்தினால் ரத்தம் உறையும் அளவு ஏறி இறங்கும். தினமும் ஒரே அளவு என்று முடிவுசெய்து, அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மெட்ஃபோர்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கும், ஒமெப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும், சைவம் மட்டுமே உண்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலே மறதி, கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் வரும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடிய மறதி இது. அதனால் உணவுத் திட்டம் போடுவதற்கு முன்பே பி12 அளவையும் தைராய்டு அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே கோப்பி குடிக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் மருந்து சரியாக ஏறாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த வழிகாட்டியின் பாதி பொருந்தாது. கீரை, பருப்பு, பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. அவர்கள் மருத்துவமனை உணவியலாளர் கொடுத்த பட்டியலையே பின்பற்ற வேண்டும். நட்சத்திரப்பழமான பெலிம்பிங்கை அவர்கள் வாயிலேயே வைக்கக்கூடாது. அதன் நச்சு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கி விக்கலையும் குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கும்.

கடைசியாகப் பல். பல் செட் ஆடுகிறது என்றால் பாட்டி கீரையையும் கடலையையும் ஒதுக்கிவிட்டுத் தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்தே நாளை ஓட்டிவிடுவார். அரசாங்கப் பல் கிளினிக்கில் அதைச் சரிசெய்யாமல் சமையலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது உணவு விஷயமே அல்ல. கிருமித் தொற்றோ பக்கவாதமோ உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

2. பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

“நாங்க எண்ணெய் ரொம்பச் சேர்க்கிறதில்லை” என்று சொல்லாத வீடு இல்லை. ஆகவே யாரையும் கேட்காதீர்கள், பாக்கெட்டைக் கேளுங்கள். எண்ணெய், சீனி, உப்பு மூன்றையும் பிரிக்கும் நாளன்று மார்க்கர் பேனாவால் தேதி போடுங்கள். தீரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. ஒரு கிலோ எண்ணெய் நான்கு பேர் வீட்டில் 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12.5 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. அது பரவாயில்லை. 10 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பு. உப்புக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. அதன்படி நான்கு பேருக்கு 400 கிராம் பாக்கெட் 20 நாள் வரும். ஆனால் கிச்சாப், சாஸ், கருவாடு, பெலாச்சான் வழியாகவும் உப்பு உள்ளே போவதால், பாக்கெட் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால்தான் வரம்புக்குள் இருக்கிறீர்கள்.

கூடவே பெரியவர் ஒரு வாரம் என்ன குடித்தார் என்பதையும் ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். கடையில் குடித்ததையும் சேர்த்து. தட்டில் இருப்பதைவிடக் குவளையில் இருப்பதுதான் பெரும்பாலும் கையில் பிடிபடும்.

3. குவளையிலிருந்து ஆரம்பியுங்கள்

சமையலை மாற்றினால் வீட்டில் சண்டை வரும். குவளையை மாற்றினால் முணுமுணுப்போடு போய்விடும், பலனும் அதிகம். அதனால்தான் உணவு மாற்றங்களில் இது முதல்.

ஒரு மேசைக்கரண்டி கண்டன்ஸ்ட் பாலில் ஏறத்தாழ 10 கிராம் சீனி இருக்கிறது. குவளைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று குவளை என்றால் 60 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிஸ்கட், குவே, பலகாரம் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நாக்கு பழக நாள் பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் பெரியவர் பேசாமல் எழுந்து போய்க் கடையில் குடித்துவிட்டு வருவார். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள். இரண்டு கரண்டியிலிருந்து அரைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதன்பின் கண்டன்ஸ்ட் பாலுக்குப் பதில் சீனி சேர்க்காத பால் மாவுக்கு மாறலாம். டின்னைப் புரட்டிப் படியுங்கள். பாலைப் போலவே இருக்கும் பல டின்களில் ‘கிரீமர்’ என்று போட்டிருக்கும்; அதில் பாமாயிலும் சீனியும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. கோப்பியோ தேயிலையோ சீனியும் கிரீமரும் சேர்த்து வரும் மூன்று-ஒன்று பாக்கெட்டுகளும் அதே கதை.

கடையில் சொல்லும் வார்த்தையையும் பழக்கிவிடுங்கள். முதலில் ‘குராங் மானிஸ்’, அதாவது இனிப்பு குறைவாக. பிறகு பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ அல்லது ‘கோப்பி ஓ கோசோங்’. கோப்பியும் தேயிலையும் மூளைக்கு எதிரி அல்ல. சாயங்காலத்துக்குப் பிறகு குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதவரை இரண்டு மூன்று குவளை போகலாம்.

வெள்ளைச் சீனியை விட்டுவிட்டுப் பழுப்புச் சீனி, தேன், குலா மெலாக்கா என்று மாறுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ரத்தத்தில் போய்ச் சேர்ந்தபின் எல்லாம் சீனிதான்.

வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும். நம் வெயிலில் தண்ணீர் குறைந்தாலே சோர்வும் குழப்பமும் வரும். ஒன்றரை லிட்டர் புட்டியில் காலையில் நிரப்பிக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால், மாலையில் எவ்வளவு குடித்தார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இதய நோய்க்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்களுக்கு அந்த அளவே.

4. தட்டைப் பிரியுங்கள்

மலேசியச் சுகாதார அமைச்சின் ‘சுக்கு-சுக்கு செபாரோ’ (கால்-கால்-அரை) முறை இங்கே கைகொடுக்கும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சுவரில் படம் ஒட்டியிருக்கும். தட்டில் அரைமலை சோறு இருக்கும். சோற்றை முதலில் போடுவதால்தான் அப்படி. காய்கறியை முதலில் போடுங்கள், அடுத்து மீன், மீந்த இடத்தில் சோறு. வரிசையை மாற்றினாலே ஒரு அகப்பை சோறு தானாகக் குறைந்துவிடும்.

பழுப்பரிசிக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம். மூன்று பங்கு வெள்ளையரிசிக்கு ஒரு பங்கு பழுப்பரிசி என்று தொடங்குங்கள். பழுப்பரிசியைத் தனியாக அரை மணி நேரம் ஊறவைத்த பிறகு கலந்தால் இரண்டும் ஒன்றாக வேகும். இல்லாவிட்டால் சோற்றில் கல் கிடக்கிறது என்று தாத்தா தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு மாதம் கழித்துப் பாதிக்குப் பாதி. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், மலச்சிக்கலும் வரலாம். அதற்கும் இந்த நிதானம் தேவை.

பசியாறலில் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் வாரம் ஒரு நாளுக்கு என்று ஒதுங்கட்டும். மற்ற நாள்களில் தோசைக்குப் பருப்பு அதிகம் போட்ட சாம்பார், கேப்பைப் புட்டுக்குக் கொண்டைக்கடலை, சப்பாத்திக்குப் பாசிப்பயறு. வெறும் இடியப்பமும் சீனியும் தேங்காய்ப்பூவும் மென்மையாக இருக்கிறது என்று பெரியவர்களுக்குக் கொடுப்பதுண்டு. அதில் புரதம் மிகக் குறைவு. கூட ஒரு அவித்த முட்டை வையுங்கள்.

5. கீரை: வாரத்துக்கு ஆறு நாள்

மைண்ட் உணவுமுறை காய்கறிகளில் கீரையைத் தனியாக எடுத்து வற்புறுத்துகிறது. வாரத்துக்கு ஆறு முறையாவது பச்சை இலை வேண்டும் என்கிறது. ஒரு முறை என்பது வெந்த கீரை அரைக் கோப்பை. அமெரிக்காவில் கேல், ஸ்பினாச் என்பார்கள். நமக்கு அவற்றைத் தேடி இப்போவுக்கோ கிள்ளானுக்கோ போக வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் நிற்கும் முருங்கை போதும்.

பசாரில் கிடைப்பவை: பாயாம், சாவி, கங்கோங், சாயூர் மானிஸ், வல்லாரை எனும் பெகாகா, ஆற்றோரத்துப் புச்சோக் பாக்கு. ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி எடுங்கள். கீரை வாடிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மொத்தமாக வாங்கும் வீடுகளில் நான்காம் நாளே கீரை தீர்ந்துவிடுகிறது. அதைச் சமாளிக்கும் வழி: பாயாமையும் கங்கோங்கையும் முதல் மூன்று நாளில் முடியுங்கள், சாவியைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து நான்காம், ஐந்தாம் நாளுக்கு, முருங்கையை ஆறாம் நாளுக்கு மரத்திலிருந்து.

சமைக்கும் முறை: தண்ணீரில் நன்றாக அலசி, கடைசியாக நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, கீரையைப் போட்டு மூன்று நான்கு நிமிடத்தில் இறக்குங்கள். முருங்கைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். எண்ணெயே இல்லாமல் அவித்துக் கொடுப்பதும் சரியல்ல. கீரையிலுள்ள லூட்டின், கரோட்டின் போன்றவை கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். மெல்ல முடியாதவர்களுக்குப் பருப்போடு கடைந்து கொடுங்கள். தண்டை விட்டு இலையை மட்டும் எடுங்கள்.

சாயூர் மானிஸைப் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்கக்கூடாது. 1990களில் தைவானில் எடை குறைக்க அப்படிக் குடித்தவர்களுக்குத் திரும்ப முடியாத நுரையீரல் பாதிப்பு வந்தது. நன்றாக வேகவைத்து, குழம்பிலோ முட்டையோடு வதக்கியோ சாப்பிடுவதில் நம்மவர்களுக்குப் பிரச்சினை இருந்ததில்லை.

வல்லாரை பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஞாபகத்துக்கு நல்லது என்ற பேர் நெடுங்காலமாக உண்டு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. துவையலாகவும் பச்சை இலையாகத் தின்னும் உலாமாகவும் மற்றக் கீரைகளில் ஒன்றாகச் சாப்பிடுங்கள். கேப்சூலாக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம், அபூர்வமாகக் கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. வாய்க்கால், சாக்கடை ஓரத்தில் பறித்த வல்லாரையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள்.

6. மீன்: எந்த மீன் என்பதைவிட எப்படிச் சமைத்தது என்பது

மூளையில் உள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, கொழுப்பு மீன்களில் நேரடியாகக் கிடைக்கிறது. அதற்கு சால்மன் தேவையில்லை. கெம்போங் மீன் அதில் குறைந்ததல்ல. செலார், செலாயாங், மத்தி வகைகளும் நல்லவை. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நடுத்தர கெம்போங் ஒன்று போதும்.

வாங்கும்போது கண் தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து நிற்கக்கூடாது. உள்நாட்டுத் தோட்டங்களுக்கு மீன் வேன் வெயில் ஏறிய பிறகே வரும். ஐஸ் கரைந்து தண்ணீரில் மிதக்கும் மீனை எடுக்காதீர்கள். கெம்போங் வகை மீன்கள் சூடுபட்டால் ஹிஸ்டமின் உண்டாகி, முகம் சிவந்து தடிப்பு வரும். சமைத்தாலும் அது போகாது.

நம் வீடுகளில் சறுக்குவது குவாலியில்தான். கெம்போங்கை எண்ணெயில் மூழ்க முறுகப் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பகுதி எண்ணெய்க்குப் போகிறது, எண்ணெய் மீனுக்குள் வருகிறது. அதே எண்ணெயை மறுநாளும் பயன்படுத்துவது இன்னும் மோசம். புளி போட்டுக் குழம்பு வையுங்கள், அல்லது அசாம் பெடாஸ் மாதிரி தேங்காய்ப்பால் இல்லாமல். மசாலா தடவி வாழையிலையில் சுற்றித் தோசைக்கல்லில் மூடி வைத்துப் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் சுட்டால் பொரித்த மீனின் ஆசையும் அடங்கும்.

முள்ளுக்குப் பயந்து பெரியவர்களுக்கு மீனே கொடுக்காத வீடுகள் உண்டு. டின் சார்டின் அவர்களுக்கு நல்ல வழி. முள் மென்மையாகியிருக்கும், சுண்ணாம்புச் சத்தும் சேரும். சாஸில் உப்பும் சீனியும் இருப்பதால் சாஸைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் எடுத்து, வெங்காயம் தக்காளியோடு நீங்களே வதக்குங்கள்.

கருவாடும் உப்பு நெத்திலியும் மீன் கணக்கில் வராது, உப்புக் கணக்கில்தான் வரும்.

வெள்ளி, செவ்வாயில் கவுச்சி இல்லை, புரட்டாசி முழுக்கச் சைவம் என்றால் அந்த நாள்களில் பருப்பும் தெம்பேயும் இடத்தை நிரப்பும். ஆண்டு முழுதும் சைவம் என்றால் முட்டையும் பாலும் உண்டா என்று பாருங்கள். அவையும் இல்லை என்றால் பி12 மாத்திரை கட்டாயம். கீரையோ பருப்போ அதை ஈடுசெய்யாது.

7. பருப்பு, தெம்பே, கடலை

வாரத்துக்கு நான்கு வேளையாவது பருப்பு வகை. சாம்பார் என்ற பெயரில் தண்ணீர் ஓடினால் அது கணக்கில்லை. ஆளுக்கு அரைக் கோப்பை வெந்த பருப்பு வர வேண்டும். முதியவர்களுக்குப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தேவை. 50 கிலோ பாட்டிக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் போதாமல்தான் இருக்கும். தெம்பேயை மெல்லிய துண்டாக வெட்டி ஆவியில் வேகவைத்துப் பிறகு குழம்பில் போட்டால் பொரிக்காமலேயே ருசிக்கும்.

நிலக்கடலை ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், வாரத்தில் ஐந்து நாள். வறுத்தது, உப்பில்லாதது. வால்நட், பாதாம் விலைக்கு வாங்க முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. பல் இல்லாதவர்களுக்குப் பொடியாக்கிக் கஞ்சியில் தூவுங்கள். முழுக்கடலை அவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். பூஞ்சை பிடித்த, கசக்கும் கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நச்சு வறுவலுக்கு அழியாது, பொட்டலத்தோடு வீசிவிடுங்கள்.

மூளைக்கு நல்லது என்று பேசப்படும் பெர்ரி பழ ஆய்வுகள் அந்தப் பழங்களைப் பற்றியவை மட்டுமே, நம் ஊர்ப் பழங்களுக்கும் அதே பலன் என்று சொல்ல முடியாது. அதற்காக விலை கொடுத்து புளூபெர்ரி தேட வேண்டாம். கொய்யா, பப்பாளி, தோலோடு ஜம்பு ஆயர். சாறாக இல்லாமல் பழமாக.

8. எண்ணெய், தேங்காய்ப்பால், உப்பு

பாமாயிலில் கொழுப்பமிலங்களில் பாதி நிறைகொழுப்பு. மானிய விலைப் பாக்கெட் எண்ணெயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அளவைக் குறைத்துவிட்டு, வதக்கலுக்கும் தாளிப்புக்கும் மட்டும் கானோலா, சோயா அல்லது நல்லெண்ணெயில் ஒன்றைச் சிறு புட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். புட்டியிலிருந்து நேராக ஊற்றுவது தான் கணக்கைக் கெடுக்கிறது. கரண்டியில் ஊற்றிச் சட்டியில் விடுங்கள்.

தேங்காய்ப்பால் குழம்பு வாரம் ஒன்றிரண்டு முறை போதும். பாதித் தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டு, வறுத்த கசகசா அல்லது கடைந்த பருப்பால் குழம்பைத் திடமாக்கலாம்.

உப்பை எடுக்கும்போது புளிப்பைக் கூட்டுங்கள். எலுமிச்சை, புளி, அசாம் கெப்பிங், கறிவேப்பிலை, மிளகு. நாக்கு ஏமாந்துவிடும். இன்ஸ்டன்ட் மீ சமைக்கும்போது தூள் பாக்கெட்டில் பாதியை வீசுங்கள். சூப்பைக் குடிக்க வேண்டாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சொந்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பெரிண்டோபிரில் போன்ற ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

9. சம்சு (சாராயம்), பியர்

பேச விரும்பாத விஷயம், ஆனால் தோட்டத்து வீடுகளில் தவிர்க்க முடியாதது. தினமும் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்கு பி1 வைட்டமின் குறைந்து, புதிதாக எதுவுமே மனத்தில் தங்காத ஒரு மறதி வரும். நடை தள்ளாடும், கண் அலைபாயும். போதை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது அவசரச் சிகிச்சைக்குரியது. பல ஆண்டு குடித்தவரை வீட்டில் அடைத்து ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். கிளினிக்கில் சொல்லி மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும்.

10. வாங்காமல் மிச்சம் பிடிக்க வேண்டியவை

கிங்கோ எனும் மரத்தின் இலைச்சாற்று மாத்திரை: 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில் மறதி நோயை அது தடுக்கவில்லை. ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. மீன் எண்ணெய் கேப்சூல், மீனைச் சாப்பிடுபவருக்குக் கூடுதலாக எதையும் தந்ததாகத் தெளிவான சான்று இல்லை. காலையில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விழுங்கினால் ஞாபகம் திரும்பும் என்பதற்கும் இல்லை. மஞ்சள், கேப்சூலாக வேண்டாம், குழம்பில் இருக்கட்டும்.

இந்தப் பணத்தில் மாதம் முழுவதும் கெம்போங் மீன் வாங்கலாம்.

11. ஏற்கெனவே மறதி வந்துவிட்டவருக்கு

இங்கே திட்டம் திரும்பிவிடுகிறது. இப்போது பயப்பட வேண்டியது எடை குறைவதைப் பற்றி. சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பதும், சாப்பிடவே மறந்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்பதும் இரண்டும் நடக்கும். ஆறு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 47.5 கிலோவுக்கு வந்துவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவருக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துங்கள். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்து சிறிய வேளை. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, டிவி அணைந்திருக்கட்டும். பூப்போட்ட தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒரே நிறத் தட்டில் எடுப்பாகத் தெரியும். கரண்டி பிடிக்க முடியாவிட்டால் கையில் எடுத்துத் தின்னும்படி சிறு இட்லி, சப்பாத்திச் சுருள், அவித்த முட்டைத் துண்டு. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது என்றால் அதில் முட்டையை அடித்து ஊற்றுங்கள், மீனை உதிர்த்துப் போடுங்கள், கடலைப் பொடியைக் கலக்குங்கள்.

சாப்பிடும்போது இருமல், குடித்தபின் குரல் கரகரப்பு, வாயிலேயே சோற்றை வைத்துக்கொள்வது இவை விழுங்கும் சிக்கலின் அடையாளம். தண்ணீரே நுரையீரலுக்குள் போய்விடும். படுத்தபடி ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, முடிந்தபின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். விழுங்கும் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் அனுப்பக் கேளுங்கள்.

12. மூன்று மாதம் கழித்து எதைப் பார்ப்பது

ஞாபகம் கூடியதா என்று பெரியவரைத் தினமும் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். அது அவருக்கு அவமானம். மூன்று மாதத்தில் தெரியக்கூடியதும் அல்ல. கிளினிக் புத்தகத்தில் பாருங்கள்: ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு, எடை. எச்பிஏ1சி மூன்று மாதத்துச் சராசரி என்பதால்தான் அதற்கு முன்பு பார்ப்பதில் பொருளில்லை. வயதானவர்களுக்கு இந்த எண்களை ரொம்பக் கீழே கொண்டுபோவதும் ஆபத்து. எந்த அளவு போதும் என்பதை டாக்டர்தான் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எண்கள் அசையவில்லை என்றால் புது உணவைச் சேர்க்காதீர்கள். இரண்டாம் அடிக்குப் போய்ப் பாக்கெட்டில் எழுதிய தேதிகளை எடுத்துப் பாருங்கள். வீட்டில் சீனி குறைந்திருந்தும் சர்க்கரை குறையவில்லை என்றால் கடையில் குடிப்பதைக் கேளுங்கள். எண்ணெய் பாக்கெட் நீண்ட நாள் வந்தும் கொழுப்பு இறங்கவில்லை என்றால், வாரத்தில் எத்தனை நாள் வெளியில் தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) எடுத்தீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.